பூஜ்யம் கிராம்

அக்டோபரில் சோல்ரூனின் தொண்டையில் கத்தி வைத்தார்கள்.
தைராய்டு. பாதியை எடுத்துவிட்டு
ஏழு தையல் போட்டு அனுப்பினார்கள்.
திரும்பி வந்தவள் எதிர்மேசையில் நின்று
பழையபடி காட் மீனின் முள்ளை உருவினாள்.

கம்பளி உறுத்துகிறது என்றாள்.
ஐஸ்லாந்துக் கம்பளி,
அவள் அண்ணன் பண்ணையில் கத்தரித்த கம்பளி,
அதுவே உறுத்துகிறதாம்.
"கழுத்தில் இருப்பதே தெரியாத மாதிரி
ஏதாவது பின்னித் தருவாயா, போகுமிவா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.
சரி என்றேன்.

நூல் தபாலில் வந்தது. மொஹேரும் பட்டும்.
கேட்டது சாம்பல்,
வந்தது காட் மீனின் வயிற்று நிறம்.
விரலில் சுற்றினால் விரல் இருந்தது, நூல் இல்லை.
மூன்றரை மில்லிமீட்டர் ஊசி,
முனையில் தூண்டில்போல ஒரு கொக்கி.
"காற்றைப் பிடிக்கிறாயா?" என்று
ஸ்டெய்ன்தோர் சிரித்தான்.
மேற்பார்வையாளன் சிரித்தால்
நாங்களும் சிரித்துவைப்போம்.

ஐந்து சங்கிலி, ஒரு வளைவு.
மறுபடி ஐந்து சங்கிலி.
போன வரிசையின் வளைவுக்குள் கொக்கியை விட்டு
நூலை எடு, இழு, விடு.
பாடெல்லாம் துளைக்காகத்தான்.
நூல், துளையைச் சுற்றிப் போடும் வேலி.
இதைச் சொன்னால் கிராக்கோவில் இருக்கும் என் தங்கை
தத்துவம் பேசாதே என்பாள்.
இங்கே என் மொழி யாருக்கும் புரியாது,
தாராளமாகப் பேசிக்கொள்ளலாம்.

நவம்பர் கடைசியில்
சூரியன் மலைக்குப் பின்னால் போனது.
இந்த ஊரில் அது போனால் போனதுதான், ஜனவரி வரை.
மேசை விளக்கடியில் எண்ணிக்கொண்டே போய்
நாற்பத்தோராம் வரிசையில் பார்க்கிறேன்,
இருபத்தாறில் ஒரு வளைவு குறைகிறது.
ஒன்றே ஒன்று.
அங்கிருந்து ஸ்கார்ஃப்,
குடித்தவன் வீடு திரும்புவதுபோல்
ஒருபக்கமாகச் சாய்ந்தே வந்திருக்கிறது.

பிரிக்கலாம் என்றால் மொஹேர் பிரிய விடாது.
ரோமம் ரோமத்தைப் பிடித்துக்கொண்டு
பாகம் பிரியாத சொத்து மாதிரி கிடக்கும்.
குளிரில் வைத்தால் பிடி தளரும் என்று
யாரோ சொன்ன ஞாபகம்.
குளிருக்கா எங்கள் தொழிற்சாலையில் பஞ்சம்?
இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி
ஸ்பெயினுக்குப் போகும் மீன்பெட்டிகளின் நடுவே
ஒரு மணி நேரம் ஒளித்துவைத்தேன்.
மைனஸ் இருபத்துநாலு.
கப்பலேறிவிடுமோ என்ற பதற்றத்தில்
அந்த ஒரு மணி நேரத்து மீனில் எல்லாம்
முள் தங்கியிருக்கும்.
ஸ்பெயின்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

பிரிந்தது.
பதினைந்து வரிசை, முணுமுணுக்காமல்.

முடித்தபோதும் அது ஸ்கார்ஃபாக இல்லை.
பாத்திரம் துடைத்துப் பிழிந்துபோட்ட துணி.
நனைத்து, மெத்தைமேல் விரித்து
நூற்றுப் பன்னிரண்டு குண்டூசி குத்தி
ஓரத்தை இழுக்க இழுக்கத்தான்
சுருங்கிக் கிடந்த துளைகள் ஒவ்வொன்றாய்
வாய் திறந்தன.
மெத்தை அதற்குப் போனதால்
இரண்டு இரவு எனக்குத் தரை.

"எவ்வளவு இருக்கும்?" என்றாள் சோல்ரூன்.
மீன் நிறுக்கும் தராசில் வைத்தோம்.
பூஜ்யம்.
எடுத்துத் திரும்ப வைத்தோம். பூஜ்யம்.
ஐம்பது கிராமுக்குக் கீழே
அந்தத் தராசுக்கு உலகமே கிடையாது.
பத்து வாரம், ஒரு மணிக்கட்டு வலி,
பிரித்ததையும் சேர்த்து நூற்றுச் சொச்சம் வரிசை:
பூஜ்யம்.
ஸ்டெய்ன்தோர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தான்.
இந்த முறை சிரிக்கவில்லை.

அவள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது,
தழும்பை மறைக்கத்தான் கேட்டிருப்பாளோ?
துளை வழியே தெரிகிறது, ரோஸ் நிறத்தில்,
ஒற்றை வரிசை,
யாரோ அவசரத்தில் போட்ட ஏழு தையல்.

"மறைக்கவில்லையே" என்றேன்.

லாக்கர் கதவுக் கண்ணாடியில்
முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.
"உறுத்தவில்லை" என்றாள்.

மணி அடித்தது.
அதை மடித்து, சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்துவிட்டுக்
கையுறை மாட்டினோம்.
அடுத்த பெட்டி வந்துகொண்டிருந்தது.